நம்மாளுதானுங்க

"பயோடேட்டா ரெண்டு காப்பி குடுத்துப்போடுங்க டீச்சர். மிச்சத்த நான் பார்த்துக்கறேனுங்க."

இதைக் கேட்காமல் எந்த ஆசிரியையும் கோயமுத்தூருக்குக் குடிவந்திருக்க முடியாது. புருஷனுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கும். சாமான் ஏற்றி வந்த லாரி இன்னும் தெருமுனை தாண்டியிருக்காது. பீரோவை எந்தச் சுவரோரம் நிறுத்துவது என்ற சண்டை பாதியில் இருக்கும். அதற்குள் நம்மாளு வாசலுக்கு வந்துவிடுவார். அறுபது தாண்டிய வயது, அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று கசிந்த கறை, கேட்டுக்கு வெளியே ஸ்டாண்ட் போட்ட டிவிஎஸ் எக்செல். ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாலும், "அந்தக் கரஸ்பாண்டன்ட் நம்மாளுதானுங்க" என்பார். அதனால்தான் இவருக்கும் இந்தப் பெயர்.

எல்லா ஊரிலும் எல்லாத் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். பொதுவாகத்தான் எழுதுகிறேன், யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. எக்செல்லின் பின்பக்க மட்கார்டில் மருதமலை முருகன் ஸ்டிக்கர் பாதி கிழிந்து, வேல் மட்டும் மிச்சம் இருக்கும் என்பதுகூட இவர்களுக்கெல்லாம் பொதுவான அடையாளம்தான்.

"எந்த ஊருங்க?"

"பாளையங்கோட்டை."

"ஓ, ஜெயிலு இருக்கற ஊருங்களா!"

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர். தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம், எழுந்து நடந்தால் கல்லூரி. அவருக்குத் தெரிந்தது ஜெயில். சரி, பாடம் என்ன என்று கேட்டார். கணக்கு என்றேன். முகம் மலர்ந்தது. "கணக்குக்கு எப்பவுமே கிராக்கிதானுங்க. ஒரே வாரத்துல உள்ள தள்ளிப்போடலாம்." ஜெயிலைப் பற்றிப் பேசிய வாயோடு இதையும் சொன்னதால் எனக்குக் கொஞ்சம் பகீரென்றது.

நம்மாளுக்குப் பல குணங்கள் உண்டு. நம் எதிரிலேயே போனைப் போட்டு, "அண்ணா, நம்ம டீச்சரு ஒருத்தங்க..." என்று ஆரம்பித்து, தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்டியாச்சா என்ற விசாரணையில் போய் முடிப்பார். நாளன்னைக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த அமாவாசைக்கு வருவார். கொடுத்த காப்பியில் சர்க்கரை போதாது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். டம்ளரைக் கீழே வைக்கிற விதத்தில் தெரியவைப்பார். இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது பயோடேட்டா.

முதலில் கொடுத்த இரண்டு காப்பியை அவர் படிக்கவே இல்லை. ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப்பையில் சொருகினார். மடிப்பு சரியாக என் போட்டோவின் மூக்கில் விழுந்தது. இன்னொன்று எக்செல்லில் மாட்டியிருந்த பைக்குள் கொத்தமல்லிக்கட்டுக்குப் பக்கத்தில் போனது. "நாளைக்கே குடுத்துப்போடறேனுங்க" என்று கிளம்பினார். நாலைந்து நாள் கழித்து வந்தார்.

"டீச்சர், பயோடேட்டா இன்னொரு காப்பி இருக்குமுங்களா?"

"அன்னைக்கே ரெண்டு கொடுத்தேனே அண்ணா?"

"அது சேர வேண்டிய எடத்துக்குச் சேர்ந்தாச்சுங்க. இது வேற எடம்."

சேர வேண்டிய இடம் எது என்று கேட்பது மரியாதை இல்லை. கேட்டாலும் பதில் வராது. கோயமுத்தூர் சத்தி ரோட்டிலும் அவினாசி ரோட்டிலும் வரிசையாக நிற்கிற பள்ளிக்கூடங்களை நோக்கிக் கையை ஒரு வீசு வீசுவார். சி.பி.எஸ்.இ., மெட்ரிக், ஐ.சி.எஸ்.இ. எல்லாம் அந்த ஒரு வீச்சில் அடங்கிவிடும்.

அடுத்த கட்டம் திருத்தம். படிக்காத தாளில் எப்படித் திருத்தம் சொல்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போட்டோ சிரித்த மாதிரி இருக்கிறதாம். கணக்கு டீச்சர் என்றால் பார்த்ததும் பிள்ளைகள் அடங்க வேண்டாமா? முறைக்கிற போட்டோவாக மாற்றிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். "ஒரு பிரின்சிபாலம்மா பார்த்துப்போட்டு, ரொம்பக் கோவக்காரங்களாட்ட இருக்குதேன்னாங்க. கொஞ்சூண்டு சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்துப்போடுங்க." பழைய போட்டோவையே கொடுத்தேன். "இதானுங்க அம்சமா இருக்குது" என்றார்.

அப்புறம் ஊர்ப் பெயர். "தெக்கத்திப் பக்கம்னு மேலயே போட்டா, எப்ப வேணா மூட்டையக் கட்டிருவாங்கன்னு நெனப்பாங்க." எடுத்தேன். அப்புறம் கணவரின் உத்தியோகம். "பேங்க்குன்னு போட்டா மூணு வருசத்துல தூக்கிருவாங்கன்னு நெனப்பாங்க." எடுத்தேன். அப்புறம் அனுபவம். "இத்தனை வருச எக்ஸ்பீரியன்சுன்னா சம்பளம் சாஸ்தி கேப்பாங்கன்னு நெனப்பாங்க. பாதியாப் போட்டுக்கலாமுங்க." கணக்கு டீச்சரிடமே பாதியாகக் குறைக்கச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

கடைசியாக டெட்.

இதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 8ஆம் வகுப்பு வரை பாடம் நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று 2010ல் விதி வந்தது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் அதில் இல்லை. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதினோம். தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அடுத்த ஆண்டு மறுபடி எழுதி நான் தேறினேன். அந்தச் சான்றிதழ் ஏழு வருஷம்தான் செல்லும் என்றார்கள். 2021ல், ஆயுளுக்கும் செல்லும் என்று மாற்றினார்கள். 2025 செப்டம்பரில், ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தாலும் இரண்டு வருஷத்துக்குள் இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடெங்கும் ஆசிரியர்கள் பதறிப்போய்ப் பழைய கைடுகளைத் தூசி தட்டினார்கள்.

அவ்வளவு பாடுபட்டு வாங்கியதைத்தான் நம்மாளு எடுத்துவிடச் சொன்னார்.

"டெட் பாஸுன்னு போட்டா, கவர்ன்மென்ட் போஸ்டிங் வந்தா நடு வருசத்துல ஓடிருவாங்கன்னு நெனப்பாங்க டீச்சர்."

2013ல் என்னோடு தேறியவர்கள் பலர் அந்தப் போஸ்டிங்குக்காகப் போராட்டம் நடத்தியே நரைத்துப்போனார்கள். அரசாங்கம் எனக்கு வேலை தரும் என்று என்னைவிட அதிகமாக நம்பியவர்கள் கோயமுத்தூர்க் கரஸ்பாண்டன்ட்டுகள்தான் போலிருக்கிறது.

எல்லாத் திருத்தமும் முடிந்தபின் அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஊர் இல்லை, புருஷன் இல்லை, பாதி அனுபவம், தகுதி இல்லை, சிரிப்பு மட்டும் உண்டு. யாரோ ஒரு பெண். அவளுக்கு வேலை கிடைத்தால் அவளுக்குப் பதிலாக நான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஜெராக்ஸ் கடைக்காரப் பையன் என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே மெஷினை ஆன் பண்ண ஆரம்பித்தான். ஒரு கட்டத்தில், "அக்கா, பென் டிரைவ் எதுக்குங்க? எங்க சிஸ்டத்துலயே இருக்குது" என்றான். நம்மாளு குடியிருக்கிற தெருவில் ஜெராக்ஸ் கடை நொடித்துப்போனதாகச் சரித்திரம் இல்லை.

இத்தனை காப்பியும் எங்கே போயின? பள்ளிக்கூடங்களுக்குப் போயினவோ இல்லையோ, ஊருக்குள் போயின. இஸ்திரிக்காரர் கொண்டுவந்த துணிக்கட்டுக்குள் கணவரின் வெள்ளைச் சட்டைக்கு அட்டையாக ஒன்று இருந்தது. பிள்ளையார் கோயில் அன்னதானத்துக்கு வந்த அரிசிக் கணக்கு ஒன்றின் முதுகில் எழுதப்பட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் போன். நம்மாளு ஆசிரியை வேலைக்கு மட்டும் சொல்லிவைக்கிறவர் இல்லை. வரன் பார்ப்பார், வாடகை வீடு பார்ப்பார், சைட்டும் பார்ப்பார். எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே ஜவுளிக்கடைப் பைதான். போன் பண்ணியவர் காங்கயம் பக்கம். குரலில் அவ்வளவு மரியாதை.

"பொண்ணுக்கு என்ன நட்சத்திரமுங்க?"

எந்தப் பொண்ணுக்கு என்று கேட்டேன். கணக்கு டீச்சருக்கு என்றார். போட்டோ லட்சணமாக இருக்கிறதாம், படிப்பும் பிடித்திருக்கிறதாம், வயசு மட்டும்தான் கொஞ்சம் இடிக்கிறதாம். எனக்குக் கல்யாணமாகிப் பள்ளிக்கூடம் போகிற மகன் இருக்கிறான் என்றதும் எதிர்முனையில் நீண்ட மௌனம். "அதைப் பயோடேட்டாவுல போட்டிருக்கலாமுங்களே" என்றார். போட்டுத்தான் இருந்தேன். எடுக்கச் சொன்னவர் யார் என்பதை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவர் தேடிய பெண்ணின் ஜாதகம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அவளை எந்தப் பிரின்சிபால் டெமோ கிளாஸுக்குக் கூப்பிட்டாரோ தெரியாது.

நம்மாளிடம் இதைச் சொன்னேன். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பாருங்க, உங்க பயோடேட்டா எவ்வளவு தூரம் போயிருக்குதுன்னு!"

இதுவரை சிரித்தாகிவிட்டது. இனிச் சிரிப்பில்லாத ஒரு விஷயம்.

நம்மாளிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம், சம்பளத்தைத் தவிர. "எவ்வளவு தருவாங்க அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி முகம் சுண்டிப்போகும். "அதெல்லாம் நேர்ல பேசிக்கலாமுங்க. மொதல்ல உள்ள போயிருங்க."

அவருடைய நம்மாளுகளில் ஒருவர் உண்மையாகவே இருந்தார். அழைப்பும் வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். டெமோ கிளாஸ் என்றார்கள். எட்டாம் வகுப்புக்குப் போனேன். வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து என்னை மதிப்பிட ஒருவரும் வரவில்லை. ஒரு பீரியட் முடிந்ததும் ஆயா வந்து, "அடுத்ததையும் நீங்களே பார்த்துக்குவீங்களாமா" என்றார். அந்த வகுப்பின் டீச்சர் அன்று லீவு என்று முன்வரிசைப் பிள்ளைதான் சொன்னது.

பிறகு கரஸ்பாண்டன்ட் அறை. கணக்கைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. வீட்டுக்காரருக்கு அடுத்த டிரான்ஸ்ஃபர் எப்போது? இன்னொரு குழந்தை உத்தேசம் உண்டா? ஏப்ரலில் வீடுவீடாக அட்மிஷன் கேன்வாஸுக்குப் போவதில் சங்கடம் இல்லையே? ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். வருஷம் முடிந்தால்தான் திரும்ப வரும். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது, பிள்ளைகளே வருவதில்லையே. கடைசியாகச் சம்பளத்தைச் சொன்னார். பாளையங்கோட்டையில் நான் வாங்கியதில் பாதியைச் சற்றே தாண்டியது. அனுபவத்தைப் பாதியாகப் போட்டதற்குச் சம்பளமும் பாதி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. "அண்ணன் சொன்னதுக்காகத்தான் இந்த அளவுக்கு வர்றேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

எப்படி மறுப்பீர்கள்? விளம்பரம் பார்த்துப் போயிருந்தால், கட்டாது சார் என்று எழுந்து வந்துவிடலாம். நம்மாளு சொல்லிப் போனவள் பேரம் பேசினால் அவரை அவமதித்ததாகிவிடும். சிபாரிசில் வருகிற டீச்சர் நன்றிக்கடனோடு வருவாள். நன்றிக்கடன் இருக்கிறவள் சம்பளத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். இது நம்மாளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, கரஸ்பாண்டன்ட்டுக்கு நன்றாகத் தெரியும். உதவி எனக்குச் செய்த மாதிரி தெரிந்தது. பலன் போனது மேஜைக்கு அந்தப் பக்கம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்த 1973ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்குப் பதிலாக 2018ல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டம் மாறியது, "சம்பளத்த நேர்ல பேசிக்கலாமுங்க" மட்டும் மாறவில்லை. ஊர் விட்டு வந்த பெண், நடுவில் நின்றுபோன வேலை, உள்ளூரில் விசாரித்துச் சொல்ல ஆளில்லாத நிலைமை. இந்த மூன்றும் சேர்ந்தவளைக் குறைந்த விலைக்கு எடுக்கலாம் என்பது அந்த அறைகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன். சொல்லவில்லை.

இதற்காக நம்மாளை வெறுக்கலாம் என்றால் மனுஷன் அதற்கும் வழி விடுவதில்லை. சிறுவாணித் தண்ணீர் எந்தக் கிழமை வரும், எந்த நேரம் தொட்டியைத் திறக்க வேண்டும் என்று சொன்னது அவர்தான். கேஸ் கனெக்ஷனை மாற்ற ஏஜென்சியில் எனக்காக வரிசையில் நின்றது அவர்தான். மகனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியில், கணவர் ஆடிட்டுக்கு வெளியூர் போயிருந்தபோது, டாக்டர் வீட்டு மணியை அடித்து எழுப்பியது அவர்தான். அந்த டெமோ அன்றைக்கும் என்னை விட்டுவிட்டுப் போகாமல், இரண்டு பீரியடும் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து, "எங்க டீச்சரு, கணக்குல புலி" என்று வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். என் வகுப்பை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவர் ஓய்வுபெறும்வரை ஒரு உதவிபெறும் பள்ளியில் ஆபீஸ் கிளார்க். டி.சி. கேட்டு வருகிறவர், பி.எஃப். கடன் கேட்கிற வாத்தியார், லீவு லெட்டர், சேர்க்கை விண்ணப்பம் எல்லாம் அவர் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போகும். வாங்குவார், மேலே அனுப்புவார். முடிவெடுப்பது வேறு யாரோ. அந்த ஜன்னலை மூடியபிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தெருவில் யாரிடமாவது ஒரு தாளை வாங்கி வேறு யாரிடமாவது சேர்த்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது போன கணக்கு. தாளில் என்ன இருக்கிறது என்பது அன்றைக்கும் அவர் வேலை இல்லை.

வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். மகனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஒரு காம்பவுண்டுச் சுவரில் 'ஆசிரியர்கள் தேவை' என்று பேனர் கட்டியிருந்தது. ஊர் உண்டு, புருஷன் உண்டு, டெட் உண்டு, முழு அனுபவமும் உண்டு என்கிற என் பழைய பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு போனேன். பிரின்சிபால் ஒரு கணக்குக் கொடுத்துப் போர்டில் போடச் சொன்னார். டெட் தேறியதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். சம்பளத்தை நான் கேட்டேன், அவர் சொன்னார், நான் ஏற்றிக் கேட்டேன், அவர் கொஞ்சம் ஏற்றினார். ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் நம்மாளுக்கு ஆளே இல்லை.

விஷயம் தெரிந்ததும் நம்மாளு வீட்டுக்கு வந்தார். முகத்தில் வருத்தம். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சம்பளத்தக் கூடுதலாப் பேசி வாங்கிக் குடுத்திருப்பேனுங்களே டீச்சர்?"

இப்போது எங்கள் தெருவுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு சயின்ஸ் டீச்சர் குடிவந்திருக்கிறார். எக்செல் அந்த வாசலில் நிற்கிறது. அவருக்கும், இந்த ஜூனுக்குள் ஊர் மாறப்போகிற எல்லா டீச்சர்களுக்கும் சொல்லிக்கொள்வது இதுதான். பிப்ரவரியிலேயே தேட ஆரம்பியுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் நல்ல இடங்கள் நிரம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரையும் காம்பவுண்டுச் சுவர்களையும் பாருங்கள். டெமோவுக்குக் கூப்பிட்டால் ஒரு பீரியடுக்கு மேல் எடுக்காதீர்கள். சம்பளம் எவ்வளவு, மே மாதத்துக்கு உண்டா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில் தருவீர்களா என்று உட்கார்ந்ததும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. நம்மாளு வந்தால் காப்பி கொடுங்கள், தண்ணீர் வருகிற கிழமையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பயோடேட்டாவும் ஒன்று கொடுத்துவிடுங்கள், பாவம். ஒரிஜினலை மட்டும் அவரிடமும் கொடுக்காதீர்கள், அவருடைய ஆளிடமும் கொடுக்காதீர்கள்.